தாத்தா புல் வெட்டினார், பேரன் பந்தடிக்கிறான்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸ் வட்டாரத்துத் தமிழர்களிடம் கோல்ஃபும் வெளிநாட்டுப் பயணமும் வந்து சேர்ந்த கதை. அவர்கள் இன்னும் போகாத ஊர்களின் கதையும்

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூலிம் கோல்ஃப் திடலின் கார் நிறுத்துமிடத்தில் நின்றால் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் காதில் விழும். நடுவே நம் கெடா தமிழும் விழும். "மச்சான், போன வாரம் தொண்ணூத்தி நாலு போட்ட. இன்னிக்கும் அதான் போடுவ, பாரு." பேசுகிறவர்களில் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் பொறியாளர்கள் உண்டு, லாரி கம்பெனி வைத்திருப்பவர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. லூனாஸ், பாடாங் செராய், கூலிம், கராங்கான் பக்கத்து ஆட்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள், இல்லையென்றால் தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். பாயா பெசார், விக்டோரியா, டப்ளின் என்று அவர்கள் சொல்லும் தோட்டப் பெயர்களைக் கேட்டாலே அவர்களுடைய தாத்தா எங்கே பால் வெட்டினார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இவர்கள் ஆட்டம் முடிந்து உட்கார்ந்தால் அடுத்த பேச்சு பயணம்தான். நீண்ட விடுமுறை எப்போது, ஹாட்யாய் போகலாமா, ஃபுக்கெட்டா, பாலியா, பையை விமானத்தில் ஏற்ற எவ்வளவு கேட்பான்?

கொஞ்சம் காசு சேர்ந்ததும் துரைமார் ஆட்டத்தை ஆடக் கிளம்பிவிட்டார்கள் என்று முகம் சுளிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கெடா தோட்டங்களில் ஓய்வு நேரம் எப்படி இருந்தது, அதை மீட்க எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

தோட்டத்தில் ஓய்வு

விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நிற்க வேண்டும். வெயில் ஏறுமுன் நிரையை முடிக்க வேண்டும். பால் எடுத்து, நிறுத்து, ஊற்றிவிட்டு வரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரத்தில் தோட்ட நிர்வாகம் திறந்து வைத்திருந்த ஒரே பொழுதுபோக்கு கள்ளுக்கடை. கொடுத்த கூலியைச் சாயங்காலம் அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் கெடா தோட்டத்து இளைஞர்கள்தாம். சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே பீடோங்கில் உள்ள ஹார்வார்ட் தோட்டத்தில், போர் முடிந்த கையோடு, ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது. குடியை நிறுத்து, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காதே, சம்பளத்தைக் கேள் என்றது அந்தப் படை. தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசோடு நடந்த மோதலில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சில நாள்களில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொரு தொழிலாளி இறந்தார். பலர் சிறைக்குப் போனார்கள். தமிழ்த் தொழிலாளி தன் மாலைப் பொழுதைத் தனக்கென்று கேட்டதற்குக் கெடாவில் கொடுத்த விலை அது.

அதோடு பிரச்சினை தீரவில்லை. கள்ளுக்குப் பதில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் லூனாஸ் வட்டாரத்தில் விஷச் சாராயம் குடித்துத் தொழிலாளர்கள் மடிந்ததை இங்கே நடுவயது தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. லூனாஸில் வளர்ந்த எழுத்தாளர் ம. நவீன் தம் 'பேய்ச்சி' நாவலில் அந்தச் சாவுகளைக் கதைக்குள் கொண்டுவந்தார். இந்தப் பின்னணி தெரிந்த எவருக்கும், ஞாயிறு காலையில் நான்கு மணி நேரம் வெயிலில் நடந்து பந்தடிக்கும் ஒரு தமிழரைப் பார்த்தால் மனம் குளிரும். எனக்குக் குளிர்கிறது.

புல் வெட்டியவர்களும் பை சுமந்தவர்களும்

கோல்ஃப் நம்மவர்க்குப் புதிது என்பதும் பாதி உண்மைதான். ஆடியது புதிது, அவ்வளவே. கோலாலம்பூரின் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் வந்தது. இலங்கை மலைநாட்டில் நுவரெலியா திடல் 1889இல், கொடைக்கானல் திடல் 1895இல். காடு அழித்துத் தேயிலையும் காப்பியும் ரப்பரும் நட்ட அதே காலம், அதே துரைமார். தோட்டத்தை யார் கைகள் செதுக்கினவோ அந்தக் கைகள்தாம் திடலையும் செதுக்கின. பெரியவர்கள் புல் வெட்டினார்கள், சிறுவர்கள் பை சுமந்தார்கள். பள்ளி விட்டு வந்த பையன் பை சுமக்கும் கேடியாகப் போனால் துரை போகும்போது சில்லறை கொடுப்பார்.

இப்படிப் பை சுமந்தவர்களில் சிலர் மட்டையைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பது தனிக் கதை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ப் போன இந்தியர்களின் வழிவந்தவர் பாப்வா செவ்கோலம். கோல்ஃப் கிளப் ஒன்றில் கேடி. எழுதப் படிக்கத் தெரியாது. மட்டையைப் பிடிப்பதே எல்லாரும் பிடிக்கும் விதத்துக்கு நேர்மாறு, கைகள் இடம் மாறி இருக்கும். 1959இல் ஹாலந்து ஓப்பன் போட்டியில் வென்றார். 1960இலும் 1964இலும் அதையே மறுபடி வென்றார். 1963இல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனை வென்றபோது கோப்பையை மழையில், வெளியே நின்று வாங்க வேண்டியதாயிற்று. கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையருக்கு மட்டுமே இடம். இரண்டு ஆண்டு கழித்து அதே போட்டியில் அந்நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். பிறகு நிறவெறி அரசு அவருடைய வாய்ப்புகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 1978இல் வறுமையில் இறந்தார். டர்பனில் இன்று ஒரு நகராட்சித் திடலுக்கு அவர் பெயர் இருக்கிறது. மட்டை பிடிக்கும் ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒருவரும் இருக்கிறார். ஃபிஜித் தீவுக்குப் போன இந்தியத் தொழிலாளர் வழியில் வந்த விஜய் சிங், பெரிய ஆட்டக்காரர் ஆவதற்கு முன் சபாவில் கெனிங்காவ் கிளப்பிலும் சரவாக்கில் மீரியிலும் பயிற்சியாளராகக் காலம் தள்ளினார். 1984இல் மலேசிய பிஜிஏ பட்டத்தை வென்றார். இருபது ஆண்டு கழித்து, 2004 செப்டம்பரில், டைகர் வூட்ஸைக் கீழே இறக்கி உலகின் முதல் இடத்தில் உட்கார்ந்தார். நம் நாட்டுத் தமிழர்களில் எம். ராமையாவும் பி. குணசேகரனும் உலகக் கோப்பை கோல்ஃபில் மலேசியாவுக்காக ஆடியவர்கள். பெங்களூருத் திடலில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பனை வென்றார். இலங்கையின் என். தங்கராஜாவும் கே. பிரபாகரனும் இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிவருகிறார்கள்.

தோட்டம் இருந்த இடம்

கெடாவில் தோட்டங்கள் சுருங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா. லயத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் சிலர் அங்கேயே சீருடை போட்டு வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களில் சிலர் அங்கே பொறியாளர்கள். ஆனால் வெளியேறிய எல்லாரும் இப்படி மேலே வரவில்லை. நட்ட ஈடு போதாமல், வீடு கிடைக்காமல், நகர விளிம்பில் ஒதுங்கிப்போன குடும்பங்கள் நிறைய. கோல்ஃப் ஆடுகிறவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட்டால் எழுத்து பொய்யாகிவிடும்.

பீடோங்கில் தொண்டர் படை பிறந்த அதே ஹார்வார்ட் தோட்டத்துக்குள் இன்று கோல்ஃப் திடல் இருக்கிறது. நல்ல திடல். மரங்களும் மேடுபள்ளமும் சேர்ந்து ஆட்டத்துக்குச் சுவை கூட்டும். அங்கே ஆடப் போகிறவர்கள் பந்தைத் தட்டிவிட்டு வந்துவிடாமல், 1947இல் இங்கே என்ன நடந்தது என்று கூட வரும் பிள்ளைக்குச் சொல்லலாம். எந்தப் பலகையும் அங்கே அதைச் சொல்லவில்லை என்றால், சொல்லும் பலகை ஒன்றை வைக்கச் சொல்லி மாநில அரசிடம் கேட்பது நம் சங்கங்களின் வேலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பெரியவர்கள் செய்த வேலையை இன்று திடல்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் செய்கிறார்கள். வெயிலில் புல் வெட்டுகிறார்கள், மருந்தடிக்கிறார்கள். தோட்டத்தில் மருந்துத் தொட்டியைத் தோளில் சுமந்து நுரையீரல் கெட்ட பெண்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தத் தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும் கொடுக்கிறார்களா என்று கிளப் கூட்டத்தில் கேட்கும் உரிமை நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

ரயிலில் போங்கள்

இப்போது பயணத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான்.

கெடா ஆட்டக்காரர்கள் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி ஹாட்யாய் போவது வழக்கம். ஆடிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மறுநாள் திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை காரை வீட்டில் விட்டுவிடுங்கள். புக்கிட் மெர்தாஜாமிலோ சுங்கைப் பட்டாணியிலோ ரயில் ஏறி பாடாங் பெசார் போங்கள். அங்கிருந்து பேங்காக் போகும் இரவு ரயில் மாலையில் கிளம்பும். படுக்கை நன்றாக இருக்கும். இரவெல்லாம் தென் தாய்லாந்தைக் கடந்து, வண்டி ஹுவா ஹின் வழியாகப் போகும்.

ஹுவா ஹின் ரயில் நிலையத்தை ஒட்டியே ஒரு கோல்ஃப் திடல் உண்டு. ராயல் ஹுவா ஹின். 1924இல் திறந்தது, தாய்லாந்தின் முதல் முழுமையான திடல். ரயில்வேயில் வேலை செய்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அமைத்தது. தண்டவாளமும் திடலும் அக்கம்பக்கம்.

1943இல் நம் தாத்தாக்களை ஏற்றிக்கொண்டு போன வண்டிகளும் இதே தண்டவாளத்தில், இதே திடலைத் தாண்டித்தான் போயின. ஜப்பானியர் காலத்தில் ரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டங்களில் வேலை நின்றுபோனது. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறு. மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு உண்டு என்று கங்காணிமார் மூலம் ஆள் பிடித்தார்கள். நம்பிப் போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் எல்லாரும் போக மறுத்தார்கள். பிறகு பலவந்தம். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதைகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூடிய சரக்கு வண்டிகளில் நாள் கணக்கில் நின்றும் உட்கார்ந்தும் போனார்கள். இறக்கிவிட்ட இடம் தாய்லாந்தின் பான் போங்.

பான் போங்குக்குப் பக்கத்தில் நோங் பிளாடுக் என்ற சந்திப்பு. அங்கே தொடங்கி பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் சொல்வது இந்தப் பாதையைத்தான். 1943 அக்டோபர் 17இல் இரு முனைகளும் இணைந்தன. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்கும் மேல் என்றும் அவர்களில் சுமார் 90,000 பேர் மடிந்தார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பங்கு தோட்டத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தபோது கைதிகளிடம் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், கணக்கு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். நம்மவருக்கு யாருமே இல்லை.

அந்த வேறுபாட்டை அந்தப் பாதை ஓடும் காஞ்சனாபுரி நகரில் கண்ணால் பார்க்கலாம். நகரின் நடுவே போர்க்கல்லறைத் தோட்டம். 6,982 கைதிகள். வரிசை வரிசையாகக் கற்கள், பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு, பெற்றோர் சொன்ன ஒரு வரி. புல்லை நாள்தோறும் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்மவருக்கு அப்படி ஓர் இடம் வெகுகாலம் இல்லை. 1990இல் நகருக்குப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. வாட் தாவோன் வராராம் என்ற பௌத்த ஆலயத்தில் ஆசியத் தொழிலாளர்களின் நினைவிடம் இருக்கிறது. அங்கே அண்மை ஆண்டுகளில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுந்திருக்கிறது. தாய்லாந்துத் தமிழர்களும் நம் நாட்டு ஆர்வலர்களும் பாடுபட்டு எழுப்பியது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரு நாவல்களையும் வண்டியில் படித்துக்கொண்டே போங்கள். கண் கலங்காமல் படிக்க முடியாது.

காஞ்சனாபுரியிலிருந்து நாம் தோக் என்ற ஊர் வரை சாதாரண ரயில் இன்றும் ஓடுகிறது. தாம் கிராசே என்ற இடத்தில் பாறைச் சரிவை ஒட்டி மரக்கட்டைகளால் கட்டிய பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும். கீழே குவாய் நொய் ஆறு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் பாறையைக் கை நீட்டித் தொடலாம். அதற்கப்பால் ஹெல்ஃபயர் பாஸ். உளியும் சம்மட்டியும் கொண்டு குடைந்த கணவாய். 1998இல் ஆஸ்திரேலிய அரசு அங்கே ஒரு நினைவுக்கூடம் கட்டியது. தன் மக்களுக்காக ஒரு நாடு எவ்வளவு செய்யும் என்பதைப் பார்க்க அது ஒன்றே போதும்.

இதே காஞ்சனாபுரி மாநிலம் தாய்லாந்தில் கோல்ஃபுக்குப் பெயர்போனது. ஜாக் நிக்லஸ் வடிவமைத்த மிஷன் ஹில்ஸ் அங்கேதான். மலைகளும் ஆறும் சூழ இன்னும் பல திடல்கள். நம் நாட்டில் பக்கி வண்டி வந்து கேடிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள். தாய்லாந்தில் இன்றும் கேடி கட்டாயம், பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். வெயிலுக்கு முகத்தை மூடிக்கட்டி, பையைப் பார்த்துக்கொண்டு, புல்லின் சாய்வைச் சரியாகச் சொல்வார்கள். அவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். காலையில் ஆடிவிட்டு மாலையில் நினைவிடத்துக்குப் போவது தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். தகும் என்றே நினைக்கிறேன். செத்தவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகள் பட்டினி கிடந்து வர வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் ஆடிவிட்டு அங்கே போகாமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னும் இரண்டு ஊர்கள்

சுமத்ராவின் மேடான் நகருக்குப் பினாங்கிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான். இருந்தும் அங்கே போனவர்கள் நம்மிடையே குறைவு. மேடானைச் சுற்றியிருந்த டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் கம்போங் மெட்ராஸில் இருக்கிறார்கள். அங்குள்ள மாரியம்மன் கோவில் 1884இல் எழுந்தது. ராயல் சுமத்ரா திடலில் ஆடிவிட்டு மாலையில் கோவிலுக்குப் போகலாம். தமிழ் அங்கே தேய்ந்துவிட்டது, முகங்கள் தேயவில்லை.

தொலைவும் செலவும் பார்க்காதவர்களுக்கு டர்பன். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் அங்கே முதல் கூலிகளை இறக்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். நகருக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் என்ற கரும்புத் தோட்டம் இன்று பெரிய வீடுகளும் இரண்டு கோல்ஃப் திடல்களுமாக மாறியிருக்கிறது. கூலிகள் கட்டிய பழைய விநாயகர் கோவில் மட்டும் பக்கத்திலேயே நிலைத்திருக்கிறது. பீடோங்கைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் உடனே புரிந்துவிடும். பாப்வாவின் பெயர் தாங்கிய நகராட்சித் திடலையும் ஒரு முறை பார்க்காமல் வராதீர்கள்.

கிளம்புமுன் ஒரு வேலை

கெடாவில் தமிழர்கள் கூடி ஆடும் கோல்ஃப் குழுக்கள் ஆண்டுதோறும் வெளிநாட்டுச் சுற்றுக்கு ஏற்பாடு செய்கின்றன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு முறை காஞ்சனாபுரியைத் தேர்ந்தெடுங்கள். போவதற்கு முன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, லூனாஸ், பாடாங் செராய், கூலிம், சுங்கைப் பட்டாணி பக்கத்துக் குடும்பங்களில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைச் சேகரியுங்கள். பெயர், தோட்டம், தெரிந்தால் வயது, கூடப் போனவர் யார். அப்போது சிறுவராக இருந்து அப்பாவை வழியனுப்பியவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். ஆலயத்தில் பார்க்கலாம், தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் கிடைக்கமாட்டார்கள். அந்தப் பட்டியலைத் தமிழிலும் மலாயிலும் தாய்லாந்து மொழியிலும் அச்சடித்து நினைவிடத்தில் படியுங்கள். ஒரு பிரதியை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னொரு பிரதி உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு.